துரியன் வாங்கி வரச் சொன்ன மாமியார்... கல்லாறு, பர்லியாறுக்கு ஒரு பழப் பயணம்!

ஆடி பிறந்தால் போதும், ஆவடி மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டிகளில் சிவப்பு முடி முளைத்த பழம் ஒன்று குவிந்துவிடும். வண்டிக்காரர் 'ரம்புட்டான், ரம்புட்டான்' என்று கூவுவார். "இது என்னப்பா, ஆமணக்குக் காய்க்குச் சாயம் பூசின மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அரை கிலோ கொய்யாவோடு நகர்ந்துவிடுவார்கள் நம் பாட்டிகள். வாங்குபவர்களைவிட வேடிக்கை பார்ப்பவர்களே அதிகம்.

நான் பிறந்து வளர்ந்தது ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோவில்பதாகை. பழம் என்றால் எங்களுக்குக் கொய்யா, சீதா, நாவல், இலந்தை, கொடுக்காப்புளி. ஏரிக்கரைப் பக்கம் பனம்பழம் பொறுக்கிக்கொண்டு வந்து சுட்டுச் சாப்பிட்டதை அம்மா இன்றும் சொல்வார். இப்போது அந்த இடங்களில் பிளாட் கற்கள் நிற்கின்றன. கொடுக்காப்புளி நூறு கிராம் கணக்கில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிறது. வாசலில் உதிர்ந்து கிடந்த பழம் அபூர்வப் பழம் ஆகிவிட்டது. அபூர்வமாக இருந்த மலேசியப் பழம் தள்ளுவண்டிக்கு வந்துவிட்டது. காலம் இப்படியும் திரும்புகிறது!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது தினமும் கண்ணில் படும். பழங்களைப் பற்றிய தேடலில் ஒரு கேள்வி மட்டும் வருஷா வருஷம் சீசன் தவறாமல் வருகிறது. 'துரியன் பழம் சாப்பிட்டால் குழந்தை பிறக்குமா?'

அந்தக் கேள்வி எனக்கு மிக நெருக்கமான ஒருத்தியின் வீட்டிலிருந்தே வந்தபோதுதான் இந்தப் பயணம் தொடங்கியது.

"விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

நாங்கள் நாலு பேர். ஆவடியில் ஒரே பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தி பேங்க்கில், ஒருத்தி தனியார் மருத்துவமனையில் நர்ஸ், நான் பத்திரிகையில். நாலாவது தோழிக்கு 23 வயதில் கல்யாணம் ஆனது. திருமுல்லைவாயலில் புகுந்த வீடு. நாலு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. (அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதடி" என்றாள்.)

கல்யாணமான பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கேள்வி தெரியும். "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" முதல் வருஷம் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இரண்டாம் வருஷம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். மூன்றாம் வருஷத்தில் கேட்க மாட்டார்கள், வளைகாப்புக்கு அழைப்பதையும் நிறுத்திவிடுவார்கள். கேள்வியைவிட அந்த மௌனம்தான் வலிக்கிறது என்பாள் அவள்.

அவள் மாமியார் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். மருமகள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது காபி போட்டு வைத்திருக்கிற மாமியார் அவர். ஆனால், அக்கம்பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் வீட்டுக்கு வந்து செய்து பார்த்துவிடுவார். அரசமரம் சுற்றியாயிற்று. செவ்வாய்க்கிழமை விரதம் ஆயிற்று. கடைசியாக மாடி வீட்டுப் பெண்மணி சொன்னது: "ஊட்டி மலையடிவாரத்துல துரியன் கிடைக்குதாம். புருஷனும் பொண்டாட்டியும் சாப்பிட்டா அடுத்த வருஷமே கையில குழந்தையாம்."

பெரிய சூப்பர் மார்க்கெட்டில் தாய்லாந்து துரியன் டப்பாவில் கிடைக்கிறதே என்று மகன் சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் ஆகாது. நம்ம மண்ணுல விளைஞ்சதா இருக்கணும்" என்று விட்டார் மாமியார்.

"நான் போகலைன்னா அத்தையே கிளம்பிடுவாங்க. அவங்களுக்கு மூட்டு வலி. வாங்கடி, நாமளே போய்ட்டு வரலாம்" என்றாள் தோழி. அடுத்த வாரமே நீலகிரி எக்ஸ்பிரஸில் நாலு டிக்கெட். சென்ட்ரலில் ஏறி, எங்கள் ஆவடியைத் தாண்டி, இருட்டில் ஊர் நகர்வதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனோம். விடிந்தால் மேட்டுப்பாளையம்.

மலையடிவாரத்தில் ஒரு மலேசியா

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் கல்லாறு. ஊட்டி மலை ரயில், தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சக்கரத்தைப் பற்றி ஏறத் தொடங்குவது இங்கிருந்துதான். இன்னும் சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பர்லியாறு. மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் மூன்றையும் ஒரே சாலையில் பார்க்க வேண்டும் என்றால் இங்கே வரலாம்.

ஏன் இங்கே? இந்தப் பழங்களின் சொந்த ஊர் மலேசியா, இந்தோனேசியா பக்கம். கடும் வெயிலும் ஆகாது, பனியும் ஆகாது. காற்றில் எப்போதும் ஈரம் வேண்டும், வேர் காயக் கூடாது. ஊட்டியின் உயரம் இவற்றுக்குக் குளிர் அதிகம். மேட்டுப்பாளையம் சமவெளி வெப்பம் அதிகம். இரண்டுக்கும் நடுவே, ஆறு ஓடும் இந்தப் பள்ளத்தாக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியிருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். பர்லியாறு அரசுப் பண்ணை 1871-லும், கல்லாறு பண்ணை 1900-லும் தொடங்கப்பட்டவை. கிராம்பு, ஜாதிக்காய் போன்ற வாசனைப் பயிர்களையும் வெளிநாட்டுப் பழங்களையும் நம் மண்ணில் வளர்த்துப் பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். இந்தியாவில் மங்குஸ்தான் நடப்பட்டது 1881-ல் என்று பழப்பயிர் நூல்கள் சொல்கின்றன. இலங்கைக்கு அது எண்பது வருஷம் முன்பே போய்விட்டது. இன்றும் களுத்துறை மங்குஸ்தான், மல்வானை ரம்புட்டான் என்றால் அங்கே தனி மரியாதை. கேரளத்தில் இந்த மரம் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டது. எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் பேப்பூர் வீட்டு மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது, மலையாளிகள் எல்லோர் மனதிலும் பதிந்த படம்.

நாங்கள் போனபோது கல்லாறு அரசுப் பண்ணைக்குள் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அதற்கான காரணம் பெரியது, பிறகு வருகிறேன். பேங்க் தோழியோடு வேலை பார்ப்பவரின் உறவினருக்கு அந்தப் பக்கம் ஒரு பாக்குத் தோப்பு. "வரச் சொல்லுங்க, பசங்க பாத்துட்டுப் போகட்டும்" என்று அவர்கள் சொல்லியிருந்ததால், நேராக அங்கே போனோம்.

பூவை எண்ணினால் சுளை தெரியும்

பாக்கு மரங்கள் கம்பம் நட்ட மாதிரி வரிசையாக நிற்க, அவற்றின் நிழலில் குட்டையாக, அடர்ந்த கரும்பச்சை இலையோடு மங்குஸ்தான் மரங்கள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தோப்புக்குள் கால் வைத்ததும் ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சி.

தோப்புக்காரர் ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். அவர் மனைவி முன்னால் வந்து, "வாங்க கண்ணு, ராத்திரி பூரா ரயிலுங்களா? மொதல்ல காப்பி குடிங்க, பழம் எங்கயும் ஓடிராது" என்றார். கொங்குத் தமிழைச் சினிமாவில் கேட்பது வேறு, காபி டம்ளரோடு கேட்பது வேறு!

ஐயா ஒரு மங்குஸ்தானைப் பறித்து என் கையில் வைத்தார். கத்தரிக்காய் நிறத்தில், டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் சிறியது. தலையில் பச்சைத் தொப்பி. "அடியில பூ மாதிரி ஒண்ணு இருக்குது பாருங்க. இதழை எண்ணுங்க" என்றார். ஆறு இருந்தது. "உள்ள ஆறு சுளை இருக்கும்."

பழத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தச் சொன்னார். தோல் பிளந்தது. தடித்த கருஞ்சிவப்புக் கிண்ணத்துக்குள் பஞ்சு போல வெள்ளைச் சுளைகள். எண்ணினோம், ஆறேதான். நர்ஸ் தோழி நம்பாமல் இன்னும் நாலு பழத்தை எண்ணி எண்ணி உடைத்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பூவின் சூலகமுடி எத்தனை பிரிவோ, உள்ளே அத்தனை சுளை. இயற்கை போட்ட கணக்கு.

ருசி? நுங்கின் மென்மை, கொஞ்சம் லிச்சி, கொஞ்சம் நாட்டு ஆரஞ்சின் புளிப்பு. எதனோடும் முழுசாக ஒட்டவில்லை. வாயில் வைத்ததும் கரைந்துவிடுகிறது. பெரிய சுளையில் மட்டும் ஒரு கொட்டை இருக்கும், கடித்தால் கசக்கும். தோலின் சாறு பட்டால் துணியில் கறை போகவே போகாது என்பதால், "வெள்ளைத் துணி போட்டுக்கிட்டு யாரும் மங்குஸ்தான் தோப்புக்கு வர மாட்டாங்க" என்று பேங்க் தோழியின் கிரீம் கலர் குர்தாவைப் பார்த்துச் சிரித்தார் ஐயா. அதற்குள் அதில் மூன்று புள்ளிகள் விழுந்துவிட்டன.

நம் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியும் மங்குஸ்தானும் ஒரே குடும்பம் என்று ஐயா சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. அதைவிட ஆச்சரியம் அடுத்து வந்தது. மங்குஸ்தானில் ஆண் மரம் என்று ஒன்றைக் காண்பதே இல்லை. மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே விதை உருவாகிவிடும். அதனால் ஒவ்வொரு கன்றும் தாய் மரத்தின் நகல்.

"அப்பாவே இல்லாம குழந்தை பெத்துக்குது. இதை யாரும் ஒரு கேள்வி கேக்கலை பாரு" என்றாள் என் தோழி. சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால், அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

விதை காய்ந்தால் முளைக்காது. பழத்திலிருந்து எடுத்த ஈரத்தோடு நட வேண்டும். நட்டாலும் செடி நத்தை வேகத்தில்தான் வளரும். முதல் பழம் பார்க்க எட்டு, பத்து வருஷம் ஆகிவிடும். "இது எங்க மாமனார் வெச்ச மரமுங்க. பத்து வருஷம் ஒரு பிஞ்சுகூட வரலை. தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருந்தாங்க" என்றார் அம்மா.

அங்கேயே ரம்புட்டானும் தின்றோம். மலாய் மொழியில் 'ரம்புட்' என்றால் முடி. அதிலிருந்து வந்த பெயர். நகத்தால் கீறினால் தோல் கழன்றுவிடுகிறது. லிச்சிக்கு நெருங்கிய சொந்தம். வண்டியில் வாங்குவதற்கும் மரத்தடியில் தின்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பறித்த பிறகு ஓரிரு நாளிலேயே அந்த முடி கறுத்து வாடிவிடும். முடி விறைப்பாக, நிறம் பளிச்சென்று இருந்தால் புதுசு. வண்டியில் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள், வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும் என்று நர்ஸ் தோழி எழுதச் சொன்னாள்.

ஜாதிக்காய் மரமும் இருந்தது. மசாலா டப்பாவில் இருக்கும் ஜாதிக்காய் ஒரு பழத்தின் கொட்டை என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. வெளியே மஞ்சள் சதை, உள்ளே சிவப்பு வலை மாதிரி ஜாதிபத்திரி, அதற்குள் காய். அந்த மஞ்சள் சதையில் போட்ட ஊறுகாயை அம்மா தயிர்சாதத்தோடு வைத்தார். நாலு பேரும் இரண்டாவது தடவை சாதம் கேட்டோம்.

துரியன் மரத்தடியில்

"மரத்துக்கு நேர் கீழ நிக்காதீங்க" என்பதுதான் துரியன் மரத்தடியில் நாங்கள் கேட்ட முதல் வார்த்தை. உயர்ந்த மரம். கிளைகளில் பலாப்பிஞ்சு மாதிரி, ஆனால் கூரிய முள்ளோடு காய்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோ. மலாய் மொழியில் 'டுரி' என்றால் முள். பழுத்தால் தானே விழும். விழும் இடத்தில் தலை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதன் பூ சாயங்காலத்துக்கு மேல் மலரும். தேன் குடிக்க வரும் வௌவால்கள்தான் மகரந்தம் சுமக்கும் வேலையைச் செய்கின்றன. வௌவால் இல்லாத ஊரில் துரியனும் அவ்வளவாக இருக்காது.

ஐயா சாக்கை விரித்து, கத்தியால் பிளந்தார். வாசனை வந்தது. எப்படிச் சொல்வது? பலாப்பழம், வெங்காயம், கேஸ் கசிவு, பால்கோவா நான்கையும் ஒரே அறையில் பூட்டி வைத்துத் திறந்த மாதிரி. சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் துரியன் எடுத்துச் செல்லத் தடை என்பதைப் படித்திருக்கிறேன். ஏன் என்று இப்போது புரிந்தது. பேங்க் தோழி பத்தடி தள்ளிப் போய்விட்டாள்.

சாப்பிட்டால் வேறு கதை. வெண்ணெயில் குழைத்த கஸ்டர்ட் மாதிரி மஞ்சள் சதை. முதல் வாய்க்கு மூக்கைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வாய்க்குப் பிடிக்கவில்லை. பேங்க் தோழியும் கடைசியில் வந்து இரண்டு சுளை தின்றாள்.

என் தோழி மட்டும் கையில் சுளையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கவனித்துவிட்டார். "கல்யாணம் ஆயிருச்சா அம்மிணி?" என்றார். அவள் தலையாட்டினாள். "எத்தனை வருசம்?" "நாலு." அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை. அந்த மரத்தடிக்கு வருஷா வருஷம் யார் யாரோ வருவதைப் பார்த்தவருக்குக் கேட்கத் தேவை இருக்கவில்லை.

"சீசனுக்கு நாப்பது அம்பது ஜோடி வருவாங்க கண்ணு. கார்ல வர்றவங்க, பஸ்ஸுல வர்றவங்க, கைக்காசை முந்தானைல முடிஞ்சுக்கிட்டு வர்றவங்க. அவிங்ககிட்ட என்ன சொல்றதோ அதைத்தான் உனக்கும் சொல்றேன். பழம் நல்ல பழம். பசியாத்தும், தெம்பு தரும். சாப்புடு" என்றவர், கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் கண்ணாலம் ஆகி வந்தப்பவே இந்த மரம் காச்சுக்கிட்டு இருந்துச்சு. நாப்பத்தஞ்சு வருசமா இந்தப் பழத்தைத் தின்னுக்கிட்டு இருக்கறேன். எங்களுக்குக் கொழந்தை இல்லைங்க."

யாரும் பேசவில்லை. ஐயா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மொதல் பத்து வருசம் எங்க மாமியாவும் எனக்கு ஊட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. அந்த மங்குஸ்தான் பத்து வருசம் காய்க்காம நின்னப்ப அதை யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. என்னைச் சொல்லாத ஆள் இல்லை" என்றார். அழவில்லை. ஊருக்கு மழை வந்ததைச் சொல்வது மாதிரிதான் சொன்னார். "இவரை மட்டும் ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லலை. அந்தக் காலம் அப்படி. உங்க காலம் அப்படி இல்லீங்களே?"

என் தோழி சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். அப்புறம்தான் கண் கலங்கியது.

நர்ஸ் தோழி சொன்ன பதில்

திரும்பும் வழியில் நர்ஸ் தோழி வாயைத் திறந்தாள். அவள் நாலு வருஷமாகச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்து வந்தது. அதில் எல்லா வீட்டுக்கும் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

துரியன் சாப்பிட்டால் கரு தங்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மாவுச்சத்து, கொழுப்பு, பொட்டாசியம் நிறைந்த, நூறு கிராமுக்கு ஏறக்குறைய 150 கலோரி தரும் சத்தான பழம், அவ்வளவுதான். சர்க்கரை நோயாளிகள் அளவோடு சாப்பிட வேண்டும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

குழந்தையின்மை யாருக்கோ வரும் அபூர்வக் குறையும் இல்லை. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. காரணம் பெண்ணிடம் இருக்கலாம், ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், சில நேரம் காரணமே தெரியாமலும் போகலாம். ஒரு வருஷம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆணுக்கான முதல் பரிசோதனை வலியில்லாதது, செலவும் குறைவு. ஆனால், நம் வீடுகளில் மனைவிக்கு எல்லா ஸ்கேனும் முடிந்த பிறகுதான் அந்தப் பேச்சே எழும். என் தோழிக்கும் அதுதான் நடந்திருந்தது.

"நாலு வருஷத்துல எனக்கு எத்தனை ஊசி போட்டிருப்பாங்க தெரியுமா? அவருக்கு ஒரு டெஸ்ட்கூட எடுக்கலை. அவர் மாட்டேன்னு சொல்லலைடி. யாருமே அவரைக் கேக்கலை" என்றாள்.

யானைக்கும் ஒரு வழி வேண்டும்

கல்லாறு பண்ணை ஏன் மூடியிருந்தது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே குறுகலாக இருக்கும் இந்தப் பகுதி, யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் கடக்கும் முக்கியமான வழித்தடம். ஒரு பக்கம் செங்குத்தான மலை, இன்னொரு பக்கம் ஊரும் சாலையும் ரயிலும். அதன் நடுவே பண்ணை. யானைகளுக்கு வழிவிட்டுப் பண்ணையை இடம் மாற்ற வேண்டும் என்ற விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

இதில் யார் பக்கம் நிற்பது? நூறு வயதுக்கு மேல் ஆன மரங்களைப் பிடுங்கி வேறு இடத்தில் நட முடியாது. புதிதாக நட்டால், மங்குஸ்தான் காய்க்க இன்னும் பத்து வருஷம். ஆனால், யானை நடந்த பாதை இந்த மரங்களைவிடப் பழையது. தோப்புக்காரர் ஐயாவே அதைத்தான் சொன்னார். "சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா வேலைக்காரங்களை அனுப்பிருவேன். ராத்திரி அவுக வருவாக. பலாவைத் தின்னுவாக, நாலு பாக்கைச் சாய்ப்பாக. நட்டம்தான். ஆனா, நாம வர்றதுக்கு முன்னாடியே அவுக இருந்தாகல்ல?" ஒரு தடவைகூட 'அது' என்று அவர் யானையைச் சொல்லவில்லை.

பர்லியாறு கடைவீதி

மறுநாள் பஸ் ஏறி பர்லியாறு போனோம். சாலையோரக் கடைகளில் கூடை கூடையாக மங்குஸ்தான், ரம்புட்டான், பலா, வெண்ணெய்ப்பழம். பின்னால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய்ப் பொட்டலங்கள். முன்னால் குரங்குகள். என் கையிலிருந்த ரம்புட்டான் கவரைப் பிடுங்கிய குரங்கு, எங்களைவிட லாகவமாகத் தோலுரித்துத் தின்றது.

ஒரு கடைக்கார அக்காவிடம் துரியன் கேட்டோம். "இருக்கற மரம் கொஞ்சம், வர்ற ஆளுங்க அதிகம். ஃபோன்ல சொல்லி வெச்சவங்களுக்கே பத்தலை" என்றார். தோப்பு அம்மா ஒரு முழுப் பழத்தைச் சும்மா கொடுத்து அனுப்பியிருந்தார். காசு நீட்டியபோது, "உங்க மாமியாவுக்கு நான் கொடுத்தேன்னு சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

நீங்களும் போவதாக இருந்தால்...

* ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போனால் மூன்று பழங்களையும் பார்க்க வாய்ப்பு அதிகம். மழையைப் பொறுத்து சீசன் முன்னே பின்னே மாறும்.
* நீலகிரிக்குள் சொந்த வாகனத்தில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை இருக்கிறது. பர்லியாறு நீலகிரி மாவட்டம் என்பதால் அங்கே போகவும் பொருந்தும். அரசுப் பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பாட்டில், பைகளை எடுத்துப்போகாதீர்கள்.
* அரசுப் பண்ணைகளில் பார்வையாளர் அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தனியார் தோப்புக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.
* மங்குஸ்தான் வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழசு.
* துரியனை முழுசாக ரயிலில் எடுத்துவராதீர்கள். சக பயணிகள் பாவம். சுளையை எடுத்து, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு, துணி சுற்றி, அதற்கும் மேல் இன்னொரு டப்பா. அப்படியும் லேசாக வாசம் வரும்.
* இருட்டுவதற்கு முன் அடிவாரத்துக்கு இறங்கிவிடுங்கள். ராத்திரி அது யானைகளின் சாலை.

திருமுல்லைவாயலில்...

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்துத் தோழி ஃபோன் செய்தாள். டப்பாவைத் திறந்ததும் வீடே நாறிப்போய், மாடி வீட்டுப் பெண்மணியே கீழே இறங்கி வந்து, "கேஸ் லீக் ஆகுதா?" என்று கேட்டாராம். மாமியார் மகனுக்கும் மருமகளுக்கும் ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றைத் தானும் வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். "பலாப்பழத்தைப் பாயசத்துல போட்டு மறந்துட்ட மாதிரி இருக்கு" என்பது அவர் தீர்ப்பு.

அப்போதுதான் இவள் பழம் கொடுத்த அம்மாவின் கதையைச் சொல்லியிருக்கிறாள். நாற்பத்தைந்து வருஷம், பத்து வருஷம் ஊட்டிய மாமியார், யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடாத ஐயா, எல்லாம்.

மாமியார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "வயசான காலத்துல அந்தம்மாவுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"அவங்க வீட்டுக்காரர் இருக்கார் அத்தை. தோப்பு இருக்கு. நாங்க போனப்ப ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிட்டுதான் இருந்தாங்க."

"எனக்கப்புறம் நீ தனியா நின்னுடக் கூடாதேன்னுதான்டி எனக்கு" என்றாராம் மாமியார். நாலு வருஷத்தில் அந்த வீட்டில் முதல் தடவையாக அந்தப் பயம் வாய்விட்டு வெளியே வந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த மகன், "சனிக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்கு வர்றேம்மா. எனக்கும் டெஸ்ட் எடுத்துடலாம்" என்று சொல்லியிருக்கிறார். நர்ஸ் தோழிதான் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுத்தாள்.

முடிவு என்ன வரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால், கேட்க வேண்டிய கேள்வியை ரெண்டு பேரிடமும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஃபோனை வைக்கும் முன் தோழி ஒன்று சொன்னாள். மாமியார் ஒரு டப்பா நிறைய அதிரசம் சுட்டு வைத்திருக்கிறாராம். தோப்பு அம்மாவுக்கு அனுப்ப விலாசம் வேண்டுமாம். "எண்ணெய் ஒத்தியாச்சு, அஞ்சு நாள் தாங்கும். கொரியர் எத்தனை நாளாகும்னு கேட்டுச் சொல்லு" என்று பின்னாலிருந்து அவர் குரலும் கேட்டது.